ஒரு மைல் எத்தனை பைசா?

விமானத்தில் பறந்தாலோ கார்டில் செலவழித்தாலோ சேர்ந்து, பின்னர் டிக்கெட் எடுக்க உதவும் புள்ளிக்குத்தான் மைல் என்று பெயர். கிரெடிட் கார்டு விளம்பரம் ஒரு மைல் இரண்டு ரூபாய் பெறும் என்கிறது. அதே மைலை விமான நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட் விலையில் கழிக்கப் பார்த்தால் நாற்பது பைசாகூடத் தேறாது. இரண்டும் பொய்க் கணக்கு இல்லை. எந்த வழித்தடம், எந்தத் தேதி, எந்த வகுப்பு, மைல் இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு நீங்கள் என்ன கொடுத்திருப்பீர்கள் என்பதற்கேற்ப மதிப்பு ஏறி இறங்குகிறது. அதனால் இணையத்தில் யாரோ போட்டுவைத்த பட்டியல் உங்களுக்கு உதவாது. உங்கள் மைலுக்கான எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

கீழே வரும் கட்டணங்களும் மைல் எண்ணிக்கைகளும் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், எந்த வழித்தடத்துக்கு எத்தனை மைல் என்று நிறுவனம் வைத்திருக்கும் மைல் பட்டியலும் மாறும். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்படைக் கணக்கு

பெரும்பாலானவர்கள் டிக்கெட் விலையை மைல் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. மைலில் எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் பணமாகக் கட்ட வேண்டும்; அது ஒன்று. பணம் கொடுத்து வாங்கியிருந்தால் அந்தப் பயணத்துக்குப் புதிதாக மைல் சேர்ந்திருக்கும். மைல் டிக்கெட்டில் அது சேராது, இது இரண்டாவது. சரியான கணக்கு இப்படி:

(பணக் கட்டணம் − மைல் டிக்கெட்டுக்குக் கையிலிருந்து கட்டும் தொகை) ÷ (செலவாகும் மைல் + பணம் கொடுத்திருந்தால் சேர்ந்திருக்கும் மைல்)

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர எகானமி டிக்கெட் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே டிக்கெட் மைலில் 38,000, கூடவே வரி 7,500 ரூபாய். பணம் கொடுத்தால் 2,000 மைல் சேரும். 24,000இல் 7,500 போக 16,500. அதை 40,000ஆல் வகுத்தால் ஒரு மைல் 41 பைசா.

டிசம்பர் கடைசி வாரத்தில் அதே டிக்கெட் 46,000 ஆகிறது. மைல் எண்ணிக்கை அதே 38,000ஆக இருந்து, இடமும் கிடைத்தால் 38,500ஐ 40,000ஆல் வகுக்கிறோம்: 96 பைசா. விமானமும் இருக்கையும் சாப்பாடும் மாறவில்லை, தேதி மட்டும் மாறியது. நிலையான மைல் பட்டியல் வைத்திருக்கும் திட்டங்களில், பணக் கட்டணம் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மைல் தன் வேலையைக் காட்டும். அந்த நாட்களில்தான் மைல் இருக்கைகள் முதலில் தீரும் என்பது இதன் மறுபக்கம்.

வரித் தொகை கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அங்கே போய்ப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். அதில் மூன்று சரக்குகள் கலந்திருக்கும்: அரசு வரி, விமான நிலையக் கட்டணம், விமான நிறுவனம் தானாக வைக்கும் எரிபொருள் சர்சார்ஜ். முதல் இரண்டும் தவிர்க்க முடியாதவை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்படும் பயணிக்கு 65 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலர்) மேல் கட்டணம் உண்டு. லண்டனிலிருந்து புறப்பட்டால் பிரிட்டிஷ் அரசின் விமானப் பயணி வரி. தூரமும் வகுப்பும் கூடக் கூட அது ஏறும். மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. கட்டண விவரத்தில் ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்ற இரண்டெழுத்துக் குறியீட்டின் கீழ் நிற்பது அதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு இதை 2017இல் எடுத்துவிட்டது. எமிரேட்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் இதைத் தாராளமாக வசூலிக்கும் நிறுவனங்கள். "இலவச" டிக்கெட்டுக்குக் கையிலிருந்து கட்டும் தொகை, சலுகைக் காலத்து எகானமி டிக்கெட் விலையை நெருங்குவதும் உண்டு.

வரி வெளிநாட்டு நாணயத்தில் வந்தால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேருங்கள். 3.5 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால் மொத்தம் 4.13 சதவீதம். 7,500 ரூபாய்க்கு 310 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் நான்கு பேர் குடும்பத்துக்கு 1,240.

எந்த விலையோடு ஒப்பிடுவது

முழுக் கணக்கும் சாய்வது இந்த இடத்தில்தான். மேலே பணக் கட்டணம் என்று எழுதியது திரையில் தெரியும் விலையை இல்லை. மைல் இல்லாவிட்டால் அந்தப் பயணத்துக்கு நீங்கள் நிஜமாகவே கொடுத்திருக்கும் தொகையை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 24,000 என்று இருக்கும்போது, ஸ்கூட்டிலோ இண்டிகோவிலோ பெட்டி எடையும் சாப்பாடும் சேர்த்து 17,000க்குக் கிடைக்கிறது, மைல் இல்லாவிட்டால் அதில்தான் போவீர்கள் என்றால் ஒப்பிட வேண்டிய எண் 17,000. அதில் 7,500 போக 9,500. மலிவு டிக்கெட்டில் மைல் சேராது என்று கொண்டு, அதை 38,000ஆல் வகுத்தால் 25 பைசா. பெட்டி எடையைச் சேர்க்க மறக்காதீர்கள். மலிவு விமானத்தின் முதல் பக்க விலையில் கைப்பை மட்டும்தான் அடங்கும். ஊருக்குப் போகிறவர் யாரும் கைப்பையோடு போவதில்லை.

பிசினஸ் கிளாஸில் இந்தப் பிழை பன்மடங்காகிறது. சென்னை–லண்டன் போய்வர பிசினஸ் 2,60,000 ரூபாய், மைலில் 1,80,000, வரியும் சர்சார்ஜும் 40,000, பணம் கொடுத்திருந்தால் 12,000 மைல் சேரும் என்று கொள்வோம். 2,20,000ஐ 1,92,000ஆல் வகுத்தால் ஒரு மைல் 1 ரூபாய் 15 பைசா. பார்க்க அழகாக இருக்கிறது. கார்டு விளம்பரங்களில் வரும் எண்கள் எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் சொந்தக் காசில் 2,60,000 கொடுத்து லண்டன் போவீர்களா? மாட்டீர்கள், 65,000 ரூபாய் எகானமியில்தான் போவீர்கள் என்றால், படுத்துத் தூங்கும் இருக்கைக்காக அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கச் சம்மதம் என்பதுதான் கேள்வி. இதற்கு நேர்மையான விடை காண ஒரு வழி உண்டு. பல நிறுவனங்கள் எகானமி டிக்கெட் வாங்கியவர்களுக்கு அப்கிரேடு ஏலம் வைக்கின்றன. வெற்றி பெற்றால் நீங்கள் சொன்ன தொகை கார்டிலிருந்து கழிந்துவிடும். அந்தப் பெட்டியில் எந்த எண்ணைத் தட்டுவீர்கள்? போய்வர இரண்டு பக்கமும் சேர்த்து 45,000 என்று வைப்போம். அப்படியானால் அந்தப் பயணம் உங்களுக்குப் பெறுமானம் 1,10,000. அதில் 40,000 கழித்தால் 70,000. எகானமி டிக்கெட்டில் 8,000 மைல் சேர்ந்திருக்கும். ஆகவே 1,88,000ஆல் வகுக்கிறோம். 37 பைசா.

ஒரே இருக்கை ஒரு கணக்கில் 1 ரூபாய் 15 பைசாவும் இன்னொன்றில் 37 பைசாவும் காட்டுகிறது. முதலாவது விமான நிறுவனத்தின் கணக்கு, இரண்டாவது உங்கள் வீட்டுக் கணக்கு. பிசினஸில் போவதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவருக்கோ முதுகுவலிக்காரருக்கோ ஏலத் தொகை 45,000க்குப் பதில் ஒன்றரை லட்சமாக இருக்கலாம். அப்போது விடையும் மாறும். ஏலப் பெட்டியில் தட்டும் எண் மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

இன்னும் சில திருத்தங்கள்.

குழந்தை டிக்கெட். முழுச்சேவை விமானங்கள் சிலவற்றில் இரண்டு முதல் பதினொரு வயதுவரை அடிப்படைக் கட்டணத்தில் கால் பங்கு குறைப்பார்கள். மைல் டிக்கெட்டில் பொதுவாக அந்தச் சலுகை இல்லை, பெரியவருக்கான அதே மைல்தான். முதல் எடுத்துக்காட்டின் 16,500 ரூபாய் குழந்தைக்கு 12,375 ஆகிவிடும். மைலின் மதிப்பும் 41இலிருந்து 31 பைசாவுக்கு இறங்கும். குடும்பமாகப் போகும்போது பெரியவர்களுக்கு மைல், குழந்தைகளுக்குப் பணம் என்று பிரித்து எடுப்பது நல்லது. இரண்டு தனித்தனி முன்பதிவாக வரும் என்பதால் நிறுவனத்தை அழைத்து ஒன்றோடொன்று இணைத்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

வழி. மதுரைக்காரர் மைல் இருக்கைக்காகச் சென்னைக்கு வந்து ஏற வேண்டியிருந்தால் ரயில் கட்டணமும் ஒரு இரவு அறை வாடகையும் கையிலிருந்து கட்டும் தொகையில் சேரும். மதுரையிலிருந்தே கொழும்பு வழியாகப் பணம் கொடுத்துப் போக முடிகிறது என்றால் ஒப்பீடு அதோடுதான்.

ரத்து. சில திட்டங்களில் மைல் டிக்கெட்டைச் சிறு கட்டணத்தில் ரத்து செய்து மைலைத் திரும்பப் பெறலாம். பணம் கொடுத்து வாங்கிய மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் வரி மட்டும்தான் திரும்பும். பயணம் உறுதியில்லாதபோது இதற்கு மதிப்பு உண்டு. பத்தில் ஒரு வாய்ப்பு ரத்தாகும், ரத்தானால் 16,000 நஷ்டம் என்றால் 1,600 ரூபாயை மைலின் பக்கம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கூட்டினால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்.

இடம் இருக்கிறதா

பட்டியலில் 38,000 என்று எழுதியிருப்பதால் அந்த விலையில் இருக்கை கிடைக்கும் என்று இல்லை. ஒவ்வொரு விமானத்திலும் குறைந்த மைலுக்கு நிறுவனம் ஒதுக்குவது சில இடங்கள்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சேவர் என்ற குறைந்த விலையும் அட்வான்டேஜ் என்ற கூடிய விலையும் பக்கம் பக்கமாக இருக்கும். சேவர் தீர்ந்தால் அதே இருக்கைக்கு வேறு விலை. காத்திருப்புப் பட்டியலில் இருப்பதைக் கணக்கில் பூஜ்யமாகவே வையுங்கள்.

தேடும்போது எத்தனை பேருக்கு வேண்டுமோ அத்தனை பேரைப் போட்டுத் தேடுங்கள். ஒருவருக்குக் கிடைக்கும் விமானம் நான்கு பேருக்கு வெறுமையாகக் காட்டும். மூன்று இருந்தாலும் நான்கு கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் தளம் சொல்லும். ஆகவே நான்கில் தொடங்கி மூன்று, இரண்டு என்று இறங்கிப் பாருங்கள். பள்ளி விடுமுறை, பொங்கல், தீபாவளி, டிசம்பர் கடைசி என்று உங்களுக்கு நிஜமாக விடுப்பு கிடைக்கும் தேதிகளை மட்டும் சோதியுங்கள். ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கொட்டிக்கிடக்கும் இடங்கள் ஆசிரியர் வீட்டுக்கு உதவாது.

கூட்டணி நிறுவன விமானங்களில் இன்னொரு தொல்லை உண்டு. திரையில் இருக்கை தெரியும், பணம் கட்டப் போனால் பிழைச்செய்தி வரும். பழைய தகவலை அந்தத் தளம் புதுப்பிக்காமல் வைத்திருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், கார்டு செலவுக்கு வங்கி தரும் புள்ளியை விமான மைலாக மாற்றியபின் திரும்ப மாற்ற முடியாது. சில மாற்றங்கள் நிமிடங்களில் முடியும், சிலவற்றுக்கு நாட்கள் ஆகும். அதற்குள் இருக்கை போய்விடும். மாற்றுவதற்கு முன் விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து அந்த விமான எண், அந்தத் தேதி, அத்தனை இருக்கை அவர்கள் கணினியிலும் தெரிகிறதா என்று கேளுங்கள். மறுநாளும் அதே தேடலைச் செய்து பார்ப்பது இன்னும் நல்லது.

வங்கிப் புள்ளிகள் விமான மைலைவிடச் சற்று உயர்ந்தவை என்பதற்கும் இதுவே காரணம். ஒரே புள்ளி பல நிறுவனங்களுக்குப் போகும். மைலாக மாறிய நொடியில் ஒரே வாசல்தான். அவசரமில்லாமல், மாற்றத்துக்குப் போனஸ் தருகிறார்கள் என்பதற்காக மட்டும் மாற்றிவைக்காதீர்கள். அந்த இருபது சதவீத போனஸ், அடுத்த பட்டியல் உயர்வில் கரைந்துவிடக்கூடியது.

தரையும் கூரையும்

உங்கள் எண் எதுவாக வந்தாலும் அது இரண்டு சுவர்களுக்கு நடுவில்தான் நிற்க முடியும்.

கீழ்ச்சுவர், எந்த முயற்சியும் இல்லாமல் எப்போதும் கிடைக்கும் பயன்பாடு. டிக்கெட் வாங்கும்போது விலையில் ஒரு பகுதியை மைலால் கட்டுவது, வங்கிப் புள்ளியைக் கார்டு பில்லில் கழிப்பது போன்றவை. உங்கள் திட்டத்தில் 1,000 மைல் கொடுத்தால் எத்தனை ரூபாய் குறைகிறது என்று ஒரு டிக்கெட்டைக் கட்டணப் பக்கம்வரை கொண்டுபோய்ப் பாருங்கள். 350 ரூபாய் குறைந்தால் தரை 35 பைசா. அதற்குக் கீழே மைலை எதற்கும் கொடுக்கக் கூடாது. பொருள் வாங்கும் பட்டியலில் இருக்கும் சூட்கேஸும் ஹெட்ஃபோனும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். கடையில் அந்தப் பொருளின் விலையை மைலால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேல்சுவர், விமான நிறுவனமே மைலை விற்கும் விலை. ஆண்டுக்குச் சில முறையாவது போனஸோடு மைல் விற்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஒரு விற்பனையில் 10,000 மைல் வாங்கினால் 5,000 இனாம், மொத்தம் 18,000 ரூபாய் என்றால் ஒரு மைல் 1 ரூபாய் 20 பைசா. வேண்டும்போது அந்த விலைக்கு வாங்கிக்கொள்ள முடியும் என்னும்போது, கையில் இருக்கும் மைலை அதற்கு மேல் மதிப்பிட நியாயமில்லை. ஏதோ ஒரு முதல் வகுப்பு டிக்கெட்டுக்குக் கணக்கு ஐந்து ரூபாய் காட்டினாலும் சரி.

மைலை வெளியாருக்கு விற்கும் விலையை எந்தச் சுவராகவும் எடுக்காதீர்கள். பெரும்பாலான திட்டங்களின் விதிகள் அதைத் தடை செய்கின்றன. பிடிபட்டால் கணக்கும் போகும், ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டும் ரத்தாகும்.

இப்போது நடுவில் நிற்கும் எண். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நிஜமாகப் போகப்போகும் பயணங்களை எழுதுங்கள், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்னபடி கணக்கிடுங்கள். விடைகள் 37, 41, 55, 72, 96 என்று வந்தால் சராசரி எடுக்காதீர்கள். அந்த ஒற்றை 96 மொத்தத்தையும் மேலே தூக்கிவிடும். வரிசையில் நடுவில் நிற்கும் 55ஐ எடுங்கள். அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 44 பைசா. இனி இதுதான் உங்கள் வேலை எண்.

ஏன் ஐந்தில் ஒரு பங்கு

மைலுக்கு வட்டி இல்லை, ஆனால் தேய்மானம் உண்டு. நிரந்தர வைப்பில் 7 சதவீதத்துக்குப் போட்டிருக்கக்கூடிய பணத்தை மைலாக இரண்டு ஆண்டு வைத்திருந்தால் அதன் இன்றைய மதிப்பில் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதோடு காலாவதி. கிரிஸ்ஃபிளையரில் மைல் சேர்ந்து மூன்று ஆண்டுகளில் போய்விடும். நடுவில் பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் வேறு மாதிரி: 36 மாதங்களுக்குள் ஒருமுறை சேர்த்தாலோ செலவழித்தாலோ கணக்கு உயிரோடு இருக்கும். இந்த இரண்டு வகைகளில் உங்கள் திட்டம் எது என்று விதிப்பக்கத்தில் பாருங்கள். முதல் வகை என்றால் ஐந்தில் ஒன்றுக்குப் பதில் நான்கில் ஒன்றைக் கழித்தாலும் தப்பில்லை.

அடுத்தது விலையேற்றம். மைலை அச்சடிப்பதும் விமான நிறுவனம்தான், அதற்கு எத்தனை இருக்கை என்று தீர்மானிப்பதும் அதே நிறுவனம்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் அட்வான்டேஜ் (AAdvantage) என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது மைல் என்பது பறந்த தூரம்தான். இன்று மைல்களில் பெரும்பகுதியை வங்கிகள் விமான நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்கிக் கார்டுக்காரர்களுக்குத் தருகின்றன. அது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது 2020இல் வெளியே தெரிந்தது. கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கியது. டெல்டாவும் அமெரிக்கனும் அதே வழியில் போயின. இவ்வளவு மைல் விற்றால் இருக்கைக்கான விலையை ஏற்றாமல் எப்படி? டெல்டா 2015இல் மைல் பட்டியலையே எடுத்துவிட்டது, யுனைடெட் 2019இல். பட்டியல் இல்லாத திட்டங்களில் மைல் விலை பணக் கட்டணத்தோடு சேர்ந்து ஏறும். டிசம்பர் 96 பைசா மாதிரி வாய்ப்புகள் அங்கே அரிது. கிரிஸ்ஃபிளையர் பட்டியலை வைத்திருக்கிறது, ஆனால் 2022 ஜூலையில் அதையும் உயர்த்தியது.

நிறுவனமே போய்விடுவதும் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் பிழைத்தது. மைல் அழியவில்லை, ஆனால் அந்த மைலைச் சேர்த்தவர்கள் மனத்தில் வைத்திருந்த விமானம் இல்லாமல் போயிற்று. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது புள்ளிகள் புதிய வீட்டுக்குப் போயின. அவற்றைச் செலவழிக்கும் விலையும் விதியும் புதிய வீட்டினுடையவை. விதிப்பக்கத்தைப் படித்தால், முன்னறிவிப்பு இல்லாமலும் மாற்றலாம் என்ற வரி எங்கேயாவது இருக்கும்.

வேலை எண்ணை வைத்து என்ன செய்வது

முதல் பயன், கார்டைத் தேர்ந்தெடுப்பது. 150 ரூபாய்க்கு 4 புள்ளி, 2 புள்ளிக்கு 1 மைல் தரும் கார்டு என்றால் 100 ரூபாய்க்கு 1.33 மைல். 44 பைசாவால் பெருக்கினால் 59 பைசா. ஒரு சதவீதம் கேஷ்பேக் தரும் சாதாரணக் கார்டு இதைவிட மேல். 150க்கு 5 புள்ளி, ஒன்றுக்கு ஒன்று மாறும் கார்டு என்றால் 3.33 மைல், 1 ரூபாய் 47 பைசா. இது கேஷ்பேக்கோடு மோதிப் பார்க்கத் தகுதியுள்ளது. ஆண்டுக் கட்டணம் 5,000 என்றால் ஜிஎஸ்டியோடு 5,900. ஒரு சதவீதக் கேஷ்பேக்கைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் 47 பைசாவைக் கொண்டு அந்த 5,900ஐ மீட்க ஆண்டுக்குச் சுமார் 12,55,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். வரவேற்பு போனஸ் 10,000 மைலை விளம்பரம் 20,000 ரூபாய் என்று சொல்லும். உங்கள் எண்ணில் அது 4,400 ரூபாய்.

இந்த இடத்தில் மூன்று ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். "150 ரூபாய்க்கு" என்றால் 149 ரூபாய் பில்லுக்கு ஒன்றுமில்லை, 290க்கும் 150க்கு உள்ளதுதான். சின்னச் சின்ன பில்களாகச் செலவழிப்பவருக்கு நிஜ விகிதம் காகித விகிதத்தைவிடக் குறையும். இரண்டாவது, வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது, பெட்ரோல், அரசுக் கட்டணங்கள் ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் புள்ளியே கிடையாது. காப்பீட்டுக்கு உச்சவரம்பு இருக்கும். கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, புள்ளி கிடைத்த செலவை மட்டும் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது, புள்ளியை மைலாக மாற்றச் சில வங்கிகள் ஒவ்வொரு முறையும் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாமல் தேவைப்படும்போது மொத்தமாக மாற்றுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகம்: வருமான வரியையோ வாடகையையோ இடைத்தரகுச் சேவை மூலம் கார்டில் கட்டி மைல் "வாங்குவது". 10,000 வெள்ளி வரிக்கு 1.75 சதவீதக் கட்டணம் என்றால் 175 வெள்ளி. வெள்ளிக்கு 1.4 மைல் தரும் கார்டில் 10,175க்கு 14,245 மைல். 175ஐ அதால் வகுத்தால் ஒரு மைல் 1.23 சிங்கப்பூர் காசு. உங்கள் வேலை எண் அதற்கு மேல் இருந்தால் மட்டும் கட்டுங்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் எகானமியில் போய்வருவதற்காக என்றால் அநேகமாக இருக்காது.

இரண்டாவது பயன், மைலா பணமா என்று முடிவெடுப்பது. ஒரு டிக்கெட்டின் கணக்கு 44க்கு மேல் வந்தால் மைல், கீழே வந்தால் பணம். ஏவியோஸ் மாதிரியான திட்டங்களில் ஒரே டிக்கெட்டுக்குப் பல கலவைகள் காட்டுவார்கள்: 10,000 ஏவியோஸும் 9,000 ரூபாயும், அல்லது 14,000 ஏவியோஸும் 5,000 ரூபாயும். இதில் மொத்தத்தைப் பார்க்காமல் படிக்குப் படி உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 4,000 ஏவியோஸ் கூடுதலாகக் கொடுத்து 4,000 ரூபாய் மிச்சமாகிறது, ஆக ஒன்று ஒரு ரூபாய். உங்கள் எண் 44 பைசா என்றால் இது நல்ல படி, ஏறுங்கள். அடுத்த படியில் 6,000 ஏவியோஸுக்கு 1,800 ரூபாய்தான் குறைகிறது என்றால் 30 பைசா, அங்கே நில்லுங்கள். ஏவியோஸைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஐபீரியா, ஃபின்ஏர் கணக்குகளுக்கிடையே நகர்த்தலாம் என்பதால் அதே விமானத்தை இன்னொரு தளத்திலும் விலை பார்த்துவிடுங்கள். கையிலிருந்து கட்டும் தொகை வேறாக இருக்கலாம்.

கிரிஸ்ஃபிளையரில் மாதாமாதம் சில வழித்தடங்களுக்கு 30 சதவீதத் தள்ளுபடி வரும். 38,000 மைல் 26,600 ஆகிறது; முதல் எடுத்துக்காட்டின் 41 பைசா 58 ஆகிவிடுகிறது. ஆனால் ரத்தும் மாற்றமும் கிடையாது, பயணமும் அடுத்த மாதத்துக்குள். உறுதியான பயணத்துக்கு மட்டும்.

மைல் கொடுத்து எகானமியிலிருந்து பிசினஸுக்கு ஏறுவதைக் கணக்கிடும்போது ஒரு பொறி. மிகக் குறைந்த கட்டண வகைகளில் பல நிறுவனங்கள் அப்கிரேடை அனுமதிப்பதில்லை. அதற்காக வாங்க வேண்டிய விலை கூடிய எகானமிக்கும் நீங்கள் வாங்கியிருக்கும் மலிவு எகானமிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டும் தொகையில் சேருங்கள். சேர்த்தபின் பல அப்கிரேடுகள் தரைக்குக் கீழே போய்விடும்.

மைல் கொஞ்சம் குறைகிறது என்றால் மட்டும் விதி மாறும். டிசம்பர் டிக்கெட்டுக்கு 38,000 வேண்டும், கையில் 35,000. மீதி 3,000ஐ விமான நிறுவனத்திடம் வாங்கினால் 9,000 ரூபாய், மைலுக்கு மூன்று ரூபாய். பார்த்தாலே கொள்ளை. ஆனாலும் கணக்குப் போடுங்கள்: மிச்சமாகும் 38,500இல் 9,000 போக 29,500, அதைக் கையிலிருக்கும் 35,000உம் சேராமல் போகும் 2,000உம் கூடிய 37,000ஆல் வகுத்தால் 80 பைசா. 44ஐவிட மேல்தான், வாங்கலாம். இருக்கை இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகு, வாங்கிய மைல் கணக்கில் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.